'யாகிடோரி' போர்டு இருந்தா போதுமா? ஐரோப்பாவில் அசல் ஜப்பான் கிரில் உணவைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாரிஸில் எந்தப் பகுதியில் நடந்தாலும் ஒரு 'ஜப்பான்' ஹோட்டல் கண்ணில் பட்டுவிடும். வாசலில் சிவப்புக் காகித விளக்கு, போட்டோ போட்ட மெனு. அந்த மெனுவில் பெரும்பாலும் ஒரு செட் மீல் இருக்கும். மிசோ சூப், முட்டைக்கோஸ் சாலட், ஒரு கிண்ணம் சோறு, கூடவே நாலைந்து குச்சிகளில் கோர்த்துச் சுட்ட இறைச்சி. அதில் ஒரு குச்சி ரொம்ப பிரபலம். உள்ளே சீஸ், அதைச் சுற்றி மெல்லிய மாட்டிறைச்சி, மேலே இனிப்பு சாஸ்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இது உயிர். ஆனால் டோக்கியோவில் ஒரு யாகிடோரி கடையில் போய் இதைக் கேட்டால் கடைக்காரர் முழிப்பார். ஏன்னா, இது பிரான்ஸில் பிறந்த ஐட்டம்.

பத்து நாள் ஐரோப்பா டூரில் பிரெட்டும் பாஸ்தாவும் சாப்பிட்டு நாக்கு செத்துப்போன நம்மாட்களுக்கு, சோறும் சுட்ட கோழியும் கிடைக்கிற இடம் பெரிய ஆறுதல்தான். ஆனால் அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசு கொஞ்ச நஞ்சம் இல்லை. கொடுக்கிற காசுக்குக் கிடைப்பது ஜப்பான் சாப்பாடுதானா? கோழி என்று நினைத்துச் சாப்பிடுவது கோழிதானா? எந்த ஊரில், எதை வைத்துக் கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

'யாகி' என்றால் என்ன?

ஜப்பானிய மொழியில் 'யாகி' என்றால் சுட்டது, வாட்டியது. 'டோரி' என்றால் பறவை, இங்கே கோழி. யாகிடோரி என்றால் சுட்ட கோழி. அவ்வளவுதான்.

ஆனால் 'யாகி' என்று முடிகிற எல்லாம் ஒன்று கிடையாது. டெப்பன்யாகி என்பது இரும்புத் தட்டில், நம்ம தோசைக்கல் மாதிரி, வாட்டுவது. யாகினிகு என்றால் மேஜை நடுவே இருக்கிற அடுப்பில் நீங்களே இறைச்சியைச் சுட்டுக்கொள்வது. இதில் கொரிய சமையலின் தாக்கம் அதிகம். ரொபாடாயாகி என்றால் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து மீன், காய்கறி, இறைச்சி எல்லாவற்றையும் தணலில் வாட்டிச் சாப்பிடுவது. சமையல்காரர் நீளமான மரத் துடுப்பில் தட்டை வைத்து உங்க முன்னால் நீட்டுவார். ஓகோனோமியாகி முட்டைக்கோஸ் போட்ட தடிமனான அடை. இது போக, விலாங்கு மீனைப் பிளந்து சாஸ் தடவிச் சுடும் கபாயாகி தனி ரகம்.

இவற்றில் ஐரோப்பாவில் அதிகம் விற்பனையாகும் பெயர் யாகிடோரிதான். அதிகம் ஏமாற வாய்ப்பு உள்ளதும் அதில்தான். அதனால் அதைக் கொஞ்சம் விலாவாரியாகப் பார்ப்போம்.

அசல் யாகிடோரி கடையில் என்ன நடக்கும்?

முதல் விஷயம், கோழியின் எந்தப் பாகமும் வீணாகாது. தொடைக்கறி 'மோமோ'. தொடைக்கறிக்கும் தொடைக்கறிக்கும் நடுவே தடித்த வெங்காயத்தாளைக் கோர்த்தால் 'நெகிமா'. கொத்துக்கறியை உருட்டினால் 'சுகுனே'. தோல் 'காவா'. ஈரல் 'ரெபா', இதயம் 'ஹட்சு', இரைப்பை 'சுனாகிமோ', கழுத்துக்கறி 'செசேரி', குருத்தெலும்பு 'நன்கொட்சு'. வால் பக்கம் கொழுப்போடு இருக்கிற சின்னத் துண்டுக்குக்கூட 'போன்ஜிரி' என்று தனிப் பெயர். ஒரு கோழிக்கு ஒரே ஒரு போன்ஜிரிதான் என்பதால் பல கடைகளில் சாயங்காலமே தீர்ந்துவிடும்.

கழுத்து, தோல், ஈரல் எதையும் விடாத ஊர் நம்ம ஊர். அதனால் நமக்கு இது புதுசா தெரியாது. ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டில் கோழி என்றால் பெரும்பாலும் எலும்பில்லாத நெஞ்சுக்கறி பாக்கெட்தான். பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடுத்தது கோர்ப்பது. 'குச்சியில் கோர்க்க மூன்று வருஷம், சுட ஒரு ஆயுள்' என்று ஜப்பானில் ஒரு பேச்சு உண்டு. சும்மா பெருமைக்குச் சொல்வது இல்லை. ஒரே குச்சியில் சின்னத் துண்டு, பெரிய துண்டு, கொழுப்புள்ளது, இல்லாதது என எந்த வரிசையில் கோர்க்கிறோம் என்பதை வைத்துத்தான் எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் வேகும். எல்லாம் ஒரே சைஸில், மெஷினில் வெட்டியது மாதிரி சதுரமாக இருந்தால், அது ஃப்ரீசரிலிருந்து வந்த ரெடிமேட் குச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சுவைக்கு இரண்டே வழி. ஒன்று 'ஷியோ', அதாவது உப்பு மட்டும். இன்னொன்று 'தாரே', அதாவது சோயா சாஸ், மிரின் எனப்படும் இனிப்பு அரிசி மது, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய சாஸ். பாதி வெந்த குச்சியைத் தாரே பானையில் முக்கி, மறுபடி தணலில் காட்டி, மறுபடி முக்குவார்கள். பானை காலியாவதற்குள் புது சாஸ் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பழைய கடைகள் இந்தப் பானையைச் சொத்து மாதிரி பாதுகாக்கும். இந்தப் 'பானையில் முக்குவது' என்ற விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கீழே தேவைப்படும்.

கடைசியாகக் கரி. நல்ல யாகிடோரி கடை பெருமையாகச் சொல்வது 'பின்சோடான்' என்ற வெள்ளைக் கரியை. ஜப்பானின் வாகயாமா பகுதியில் உபாமே என்ற ஒருவகை ஓக் மரத்திலிருந்து தயாரிக்கிறார்கள். சூளையில் மெதுவாகக் கரியாக்கி, கடைசியில் காற்றைத் திறந்துவிட்டுச் சுமார் 1,000 டிகிரி வரை சூடேற்றி, வெளியே இழுத்து ஈரச் சாம்பலும் மண்ணும் போட்டு அணைப்பார்கள். இரண்டு துண்டைத் தட்டினால் இரும்பு மாதிரி 'ணங்'கென்று சத்தம் வரும். பற்றவைப்பது கஷ்டம். பிடித்துவிட்டால் புகையும் தீநாக்கும் இல்லாமல் மணிக்கணக்கில் நின்று எரியும். அந்தச் சூட்டில்தான் கோழித் தோல் மொறுமொறுவென ஆகி, உள்ளே சாறு காயாமல் இருக்கும். வருகிற புகை வாசம் கரியிலிருந்து வருவதில்லை. கொழுப்பு சொட்டித் தணலில் விழுந்து ஆவியாகி, அதே கறியில் ஏறுவதுதான் அந்த மணம்.

இவ்வளவு நுட்பம் இருந்தாலும் ஜப்பானில் இது பணக்காரச் சாப்பாடு இல்லை. கோழிப் பண்ணைகள் பெருகி, கோழி விலை இறங்கிய பிறகு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஆபீஸ்காரர்கள் ஒரு பீரோடு நின்றுகொண்டே சாப்பிடுகிற ஐட்டமாக ஆனது. டோக்கியோவில் யூராகுச்சோ ரயில் பாலத்துக்கு அடியில் இன்னைக்கும் அப்படிக் கடைகள் இருக்கின்றன. அதே டோக்கியோவில் டோரிஷிகி மாதிரி மிஷெலின் ஸ்டார் வாங்கிய யாகிடோரி கடையும் உண்டு.

ஐரோப்பாவுக்கு வந்ததும் ஏன் மாறியது?

சுலபமாக 'போலி' என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் காரணங்கள் நியாயமானவை.

ஜப்பானிய சாப்பாட்டுக்கு உலகம் முழுக்க மவுசு ஏறியது. ஜப்பான் வேளாண் அமைச்சகக் கணக்குப்படி 2006-ல் வெளிநாடுகளில் சுமார் 24,000 ஜப்பானிய உணவகங்கள் இருந்தன. 2023-ல் அது சுமார் 1,87,000. இத்தனை கடைக்கு டோக்கியோவில் பயிற்சி எடுத்த சமையல்காரர்கள் எங்கிருந்து வருவார்கள்? பாரிஸில் ஏற்கனவே ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த சீனக் குடும்பங்கள் பலவும் ஜப்பான் மெனுவுக்கு மாறின. வாடிக்கையாளருக்கு ஈரலும் இரைப்பையும் வேண்டாம், சீஸ் வேண்டும். கொடுத்தார்கள். வியாபாரம் அப்படித்தான்.

இன்னொரு காரணம் புகை. 1952-ல் லண்டனை மூடிய கொடூரமான புகைமூட்டத்துக்குப் பிறகு, 1956-ல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. இன்றைக்கும் லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டு மண்டலம். இஷ்டத்துக்குக் கரி அடுப்பைப் பற்றவைக்க முடியாது. பழைய கட்டடங்களில் மேலே வீடுகள், கீழே கடை என்று இருக்கும். கரி அடுப்பு வைக்கணும்னா சக்திவாய்ந்த எக்ஸாஸ்ட், தனி புகைப்போக்கி எல்லாம் வேண்டும். சின்னக் கடைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதனால் பலர் கேஸ் அல்லது எலெக்ட்ரிக் கிரில்லுக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு விஷயம் இங்கே சொல்லணும். எலெக்ட்ரிக் கிரில் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கடையை ஒதுக்காதீங்க. ஜப்பானிலேயே எத்தனையோ கடைகள் கேஸிலும் எலெக்ட்ரிக்கிலும்தான் சுடுகின்றன. கோழி ஃப்ரெஷ்ஷா, கையால் கோர்த்ததா, ஆர்டர் கொடுத்த பிறகு சுடுகிறார்களா என்பது கரியைவிட முக்கியம்.

'சுஷி போலீஸ்' வந்த கதை

'எது அசல்' என்ற சண்டையில் ஜப்பான் அரசே ஒருமுறை குதித்தது. 2006-ல் அப்போதைய வேளாண் அமைச்சர் தோஷிகட்சு மட்சுவோகா, வெளிநாட்டு ஜப்பான் உணவகங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தார். அமெரிக்காவின் கொலராடோவில் அவர் போன ஒரு 'ஜப்பான்' உணவகத்தில் சுஷியோடு கொரிய பார்பெக்யூவும் மெனுவில் இருந்ததைப் பார்த்து அதிர்ந்துபோனாராம். வெளிநாட்டு ஊடகங்கள் இதற்கு வைத்த பெயர்தான் 'சுஷி போலீஸ்'. கேலி அதிகமானதும் திட்டம் அடங்கிப்போனது. அதே காலத்தில் பாரிஸில் ஜப்பான் வர்த்தக அமைப்பான ஜெட்ரோவின் முயற்சியில் பரிந்துரைக்கும் உணவகங்களுக்கு ஸ்டிக்கர் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஜப்பானிய உணவு மரபுக்கு 2013-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. 2016-ல் ஜப்பான் அரசு கொஞ்சம் மென்மையான வழிக்கு வந்தது. இப்போது இரண்டு வகைச் சான்று இருக்கு. ஒன்று, ஜப்பானில் விளைந்த பொருட்களையும் ஜப்பானிய மதுவையும் பயன்படுத்தும் கடைக்கு. இன்னொன்று, ஜப்பானியர் அல்லாத சமையல்காரருக்கு. அதில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என மூன்று படி. தங்கத்துக்கு ஜப்பானில் சுமார் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும்.

சுவரில் சான்றிதழைப் பார்த்ததும் மயங்கவேண்டாம். முதல் வகை, பொருள் எங்கிருந்து வருகிறது என்பதற்கானது. சமையல் நல்லா இருக்கும் என்பதற்கான உத்தரவாதம் இல்லை.

சமையல்காரர் ஜப்பானியரா என்று பார்க்கணுமா?

தேவையே இல்லை. லண்டனில் ரொபாடா கிரில்லை ஃபேஷனாக்கிய ஜுமா உணவகத்தை 2002-ல் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ரெய்னர் பெக்கர். அவர் ஜெர்மானியர். டோக்கியோவில் பல வருஷம் வேலை பார்த்தவர். இன்னொரு பக்கம், பாரிஸின் உணவகச் சமையலறைகளில் ஏராளமான இலங்கைத் தமிழர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் சமைக்கும் பிரெஞ்சு சாப்பாட்டை யாரும் போலி என்று சொல்வதில்லை. முகத்தைப் பார்த்து முடிவெடுப்பது தப்பு மட்டுமில்லை, அதனால் ஒரு பயனும் இல்லை.

பார்க்கவேண்டியது அடுப்புப் பக்கம் நிற்பவரை இல்லை, மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களை. பாரிஸில் நல்ல கொத்து ரொட்டியும் இடியாப்பமும் வேணும்னா ஈபிள் டவர் பக்கம் தேடமாட்டோம். லா ஷப்பேலுக்குப் போவோம். ஏன்? அங்கே சாப்பிட வருபவர்கள் தமிழர்கள். சாம்பார் சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். ஜப்பான் சாப்பாட்டுக்கும் இதே கணக்குதான். ஜப்பானியர்கள் குடியிருக்கிற, வேலை பார்க்கிற, பிள்ளைகளைப் படிக்கவைக்கிற இடம் எது?

அப்படிப் பார்த்தால் முதல் ஊர்: டுசல்டார்ஃப்

பலருக்கு இது ஆச்சரியமா இருக்கும். பாரிஸும் லண்டனும் இல்லை, ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் டுசல்டார்ஃப்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானும் தன்னைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தது, ஜெர்மனியும் கட்டிக்கொண்டிருந்தது. ஜப்பானுக்கு இரும்பு, இயந்திரம், ரசாயனப் பொருட்கள் தேவைப்பட்டன. அவை இருந்தது பக்கத்திலுள்ள ரூர் தொழிற்பகுதியில். 1950-களில் ஜப்பானிய வணிக நிறுவனங்களின் ஆட்கள் டுசல்டார்ஃபில் ஆபீஸ் போட்டார்கள். பின்னாலேயே வங்கிகள், குடும்பங்கள். 1971-ல் ஜப்பானிய சர்வதேசப் பள்ளி வந்தது. 1978-ல் இம்மர்மன் தெருவில் ஜப்பானிய மையமும் நிக்கோ ஹோட்டலும் வந்தன. இப்போது நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சுமார் 8,000 ஜப்பானியர்கள் வசிக்கிறார்கள். நீடர்காசல் பகுதியில் ஒரு புத்தர் கோயில்கூட இருக்கு. 2002 முதல் ரைன் கரையில் ஜப்பான் தினம் கொண்டாடுகிறார்கள். ராத்திரி வாணவேடிக்கை பார்க்கக் கூட்டம் லட்சக்கணக்கில் கூடும்.

முக்கியமான விஷயம், இங்கே வந்தவர்களில் பலர் கம்பெனி மாற்றலில் வந்து, மூன்று நான்கு வருஷத்தில் ஊர் திரும்புகிறவர்கள். அதாவது போன மாசம் வரை டோக்கியோவில் யாகிடோரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். நாக்கில் அந்தச் சுவை மறக்காத வாடிக்கையாளர் வந்துகொண்டே இருப்பதால், கடைக்காரர் இஷ்டத்துக்கு மெனுவை மாற்ற முடியாது.

ஊருக்குப் போவதும் சுலபம். டுசல்டார்ஃப் மெயின் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் எதிரிலேயே இம்மர்மன் தெரு தொடங்குகிறது. தெருப் பெயர்ப் பலகையே ஜப்பானிய எழுத்திலும் இருக்கும். ஜப்பான் மளிகைக் கடை, புத்தகக் கடை, பேக்கரி, ராமென் கடை என வரிசையாகப் பார்க்கலாம். யாகிடோரிக்குக் குஷி-டேய் ஆஃப் டோக்கியோ என்ற கடை இதே தெருவில் பல வருஷமாகப் பெயர் பெற்றது. பக்கத்துத் தெருக்களில் இருக்கும் இசகாயாக்களிலும், அதாவது குடியும் சிறுதீனியுமாக இருக்கிற கடைகளிலும், கிரில் ஐட்டங்கள் கிடைக்கும். கொலோன் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கொலோன் தேவாலயம் பார்க்கப் போகிறவர்கள் ராத்திரி சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்வது நல்ல பிளான்.

பாரிஸ், லண்டன், ஆம்ஸ்டர்டாம் போனால்?

பாரிஸில் ஓபெரா பக்கத்தில் ரூ சான்ட்-ஆன் என்ற தெரு. ஜப்பானிய வங்கிகளும் விமான நிறுவனங்களும் அந்த வட்டாரத்தில் இருந்ததால் வளர்ந்த கடைத்தெரு. ராமென், உடான் கடைகள்தான் அதிகம். கிரில் ரகத்தில் தேடினால் ஓகோனோமியாகிக்கு 'அகி' என்ற கடை பிரபலம். வாசலில் க்யூ நிற்கும். விலாங்கு சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு, டோக்கியோவின் பழைய நோடாய்வா உணவகத்தின் கிளை ரூ சான்-ஒனோரே தெருவில் இருக்கு. ஒன்று ஞாபகம் வையுங்க. ரூ சான்ட்-ஆனில் இருக்கிற எல்லாக் கடையும் ஜப்பான் கடை இல்லை. கொரியக் கடைகளும், மேலே சொன்ன சீஸ் குச்சி கடைகளும் அங்கேயும் உண்டு.

லண்டனில் இரண்டு ரகம். ஜுமா, 2004-ல் வந்த ரோக்கா மாதிரியான ரொபாடா உணவகங்கள் ஒன்று. சாப்பாடு தரமானது, ஆனால் பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். நம்ம பட்ஜெட் டூருக்குச் செட் ஆகாது. இன்னொன்று மேரில்போன் பகுதியில் 2021-ல் தொடங்கிய ஜுன்செய் போல யாகிடோரிக்கென்றே இருக்கிற சின்னக் கடைகள். ஓகோனோமியாகிக்கு பிரிட்டிஷ் மியூசியம் பக்கத்தில் அபெனோ.

பழைய ட்ராவல் வீடியோவை நம்பிப் போகாதீங்க. சோஹோவில் 2021-ல் ஹம்பிள் சிக்கன் என்ற கடை கோழியின் எல்லாப் பாகத்தையும் சுடும் யாகிடோரி கடையாகத்தான் தொடங்கியது. பிறகு முழுக்க டேஸ்டிங் மெனு உணவகமாக மாறி, மிஷெலின் ஸ்டாரும் வாங்கிவிட்டது. பெயர் அதேதான். ரெண்டு குச்சி சாப்பிட்டுப் போகலாம் என்று நினைத்துப் போனால் உள்ளே விடமாட்டார்கள். எந்தக் கடையாக இருந்தாலும் போவதற்கு முந்தின நாள் அவர்கள் வெப்சைட்டில் இன்றைய மெனுவைப் பார்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் கடைகளுக்கும் அதேதான்.

ஆம்ஸ்டர்டாமில் 1971-ல் திறந்த ஓகுரா ஹோட்டல் டெப்பன்யாகிக்குப் பேர் போனது. பக்கத்திலேயே ஆம்ஸ்டல்வேன் என்ற ஊரில் ஜப்பானியக் குடும்பங்கள் அதிகம்.

பெயர் தெரியாத ஊரில் எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லோரும் டுசல்டார்ஃப் போக முடியாது. நீங்க பிராகிலோ, வியன்னாவிலோ, மிலனிலோ இருந்தால் போனே போதும்.

மொழிபெயர்ப்பு ஆப்பில் 'யாகிடோரி' என்று போட்டு, வருகிற ஜப்பானிய எழுத்தைக் காப்பி பண்ணி கூகுள் மேப்ஸில் தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடும்போது வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். பிறகு ரிவ்யூக்களைப் பாருங்கள். ஸ்டார் எத்தனை என்பது முக்கியமில்லை. ஜப்பானிய மொழியில் யாராவது எழுதியிருக்கிறார்களா, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மொழிபெயர்த்துப் படியுங்கள். 'ஊர் ஞாபகம் வந்தது' என்று எழுதியிருந்தால் தைரியமாகப் போகலாம். 'இந்த ஊருக்கு இது பரவாயில்லை' என்று இருந்தால், அதுவும் உண்மையான தகவல்தான்.

அடுத்து மெனு போட்டோ. கோழி, மாடு, சால்மன், சீஸ் என்று நாலே குச்சி, எல்லாவற்றுக்கும் ஒரே இனிப்பு சாஸ் என்றால் அது பாரிஸ் ஸ்டைல். கோழியிலேயே எட்டு பத்து பாகம், ஒவ்வொன்றுக்கும் உப்பா சாஸா என்ற கேள்வி, விலை குச்சிக் கணக்கில் தனித்தனியாக இருந்தால் நல்ல அறிகுறி. மெனுவில் சுஷி, தாய் கறி, வியட்நாம் சூப், பேட் தாய் எல்லாம் சேர்ந்தே இருந்தால் தள்ளி நில்லுங்கள். ஜப்பானில் யாகிடோரி கடை யாகிடோரி மட்டும் போடும், விலாங்குக் கடை விலாங்கு மட்டும் போடும்.

உள்ளே போனால் கவுன்டர் சீட் கேளுங்க. குறுகலான, நீளமான அடுப்பு, குச்சியின் பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, அடிக்கடி திருப்பும் கை, பக்கத்தில் ஒரு விசிறி, ஒரு பானை. இது தெரிந்தால் போதும். ஆர்டர் கொடுத்து மூன்றே நிமிஷத்தில் ஆறு குச்சியும் ஒரே தட்டில் மொத்தமாக வந்தால், அது ஏற்கனவே சுட்டு வைத்தது. சரியான கடையில் ஒன்றிரண்டாகத்தான், சுடச்சுட வரும்.

கோபே மாட்டிறைச்சி: இங்கேதான் பெரிய காசு போகும்

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'கோபே', 'வாக்யு' இரண்டும் ஒன்றல்ல. வாக்யு என்பது ஜப்பானிய மாட்டு இனங்களுக்கான பொதுப்பெயர். அதன் வம்சம் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலுமே வளர்கிறது. கோபே என்றால் ஜப்பானின் ஹ்யோகோ மாகாணத்தில் வளர்ந்து, தரச் சோதனையில் தேறியது மட்டும். அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வரத் தொடங்கியதே 2014-ல்தான். 2019 பிப்ரவரி 1-ல் அமலுக்கு வந்த ஜப்பான்-ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தில் கோபே பெயருக்குப் புவிசார் பாதுகாப்பும் உண்டு, நம்ம காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பது போல.

சரிபார்க்க வழி இருக்கு. கோபே இறைச்சிச் சங்கம் தன் வெப்சைட்டில் பதிவுபெற்ற வெளிநாட்டு உணவகங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அந்தக் கடைகளில் வெண்கலக் காளைச் சிலை ஒன்று இருக்கும். ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க அடையாள எண்ணும் உண்டு. கேட்டால் காட்டவேண்டும். 'கோபே பர்கர்' என்று மலிவு விலையில் போர்டு பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

டெப்பன்யாகியில் கத்தியைச் சுழற்றுவது, வெங்காய வளையத்தை அடுக்கித் தீ கக்கவைப்பது எல்லாம் பார்க்க ஜாலி. ஆனால் அது 1964-ல் நியூயார்க்கில் தொடங்கிய பெனிஹானா உணவகம் பிரபலமாக்கிய அமெரிக்க ஷோ. ஜப்பானில் டெப்பன்யாகி சமையல்காரர் அமைதியாக நின்று கறியை வாட்டுவார். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஷோவே பிடிக்கலாம், அதில் தப்பில்லை. ஜப்பானிய மரபு என்று சொல்லி அதற்குக் கூடுதல் காசு கேட்டால்தான் யோசிக்கணும்.

பன்றி, மது, சைவம்: ஆர்டர் கொடுக்கும் முன் கேட்கவேண்டியவை

யாகிடோரி என்றாலே கோழிதான் என்று நம்பிவிடாதீர்கள். ஜப்பானிலேயே ஹொக்கைடோவின் முரோரான் நகரில் 'யாகிடோரி' என்று கேட்டால் பன்றி இறைச்சிதான் வரும். பொதுவான மெனுவிலும் 'புடாபரா' என்றால் பன்றி வயிற்றுக்கறி. அஸ்பாரகஸ், தக்காளி, காடை முட்டை மாதிரி அப்பாவியாகத் தெரியும் குச்சிகளையும் பேக்கன் சுற்றிச் சுடுவது சகஜம். சுகுனே உருண்டையில் சில கடைகளில் பன்றிக் கொத்துக்கறி கலப்பார்கள். அதோடு தொட்டுக்கொள்ளப் பச்சை முட்டை மஞ்சள்கரு வரும்.

தாரே சாஸில் மிரின், சாகே என அரிசி மது இருக்கும். சோயா சாஸில் கோதுமையும் இருக்கும். மதுவைத் தவிர்ப்பவர்களும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் 'ஷியோ' என்று சொல்லி உப்பு மட்டும் கேட்கலாம். அப்போதும், சுடுவதற்கு முன் கறியில் சாகே தெளித்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஹலால் கோழி என்று கடை தானாகச் சொல்லாதவரை, இல்லை என்றே வைத்துக்கொள்ளவேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மெனுவில் நிறைய இருக்கும். ஷிஷிடோ என்ற காரமில்லாத பச்சை மிளகாய், ஷீட்டாகே காளான், கத்தரிக்காய், சோளம், பொரித்த டோஃபு, சோயா சாஸ் தடவிச் சுட்ட சோற்று உருண்டை. ஆனால் அந்தப் பானையை மறக்காதீங்க. கோழி குச்சியை முக்கிய அதே தாரே பானையில்தான் காளானையும் முக்குவார்கள். கத்தரிக்காய் மேல் ஆடிக்கொண்டே இருக்கும் மெல்லிய சீவல், காய்ந்த மீன். மிசோ சூப்பின் அடித்தண்ணீரிலும் மீன் உண்டு. ஒரே கம்பி அடுப்பில் எல்லாம் சுடுவதால், கண்டிப்பான சைவக்காரர்களுக்கு யாகிடோரி கடை சரிப்படாது என்பதுதான் நேர்மையான பதில். இம்மர்மன் தெரு மாதிரி இடத்தில், பேக்கரி பன்னோ மளிகைக் கடையில் பொருள் பட்டியல் பார்த்து வாங்கும் சோற்று உருண்டையோ பாதுகாப்பு.

கோழியை நடுவில் லேசாகச் சிவப்பாக விட்டுத் தருவதைச் சில கடைகள் பெருமையாக நினைக்கும். ஐரோப்பாவில் உணவால் பரவும் தொற்றுகளில் அதிகம் பதிவாவது கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா தொற்று. அது பெரும்பாலும் கோழியிலிருந்து வருவது. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் கூட இருந்தால் முழுசா வேகவைக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

விலாங்கு சாப்பிடலாமா?

கபாயாகி ருசியில் அடித்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். ஆனால் ஜப்பானிய விலாங்கு அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய விலாங்கு அதைவிட மோசம், அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற பிரிவில். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியே ஏற்றுமதி செய்வது 2010 முதல் தடை. குட்டி விலாங்குகளைக் கடத்துகிற கும்பல்கள் அடிக்கடி பிடிபடுகின்றன. விலாங்கை முட்டையிலிருந்து வளர்த்து விற்கும் அளவுக்குப் பண்ணைத் தொழில்நுட்பம் இன்னும் வளரவில்லை. பண்ணை விலாங்கு என்றாலும் குட்டி இயற்கை நீர்நிலையிலிருந்து பிடித்ததுதான். சாப்பிடுவதும் விடுவதும் உங்க விருப்பம். மெனுவில் விலை ஏன் அவ்வளவு அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போவதற்கு முன்

யாகிடோரி கடைகள் பெரும்பாலும் சின்னவை, சாயங்காலம்தான் களைகட்டும். வெள்ளி, சனிக்கிழமை புக் பண்ணாமல் போனால் இடம் கிடைப்பது சந்தேகம். மதியம் திறந்து, நடுவில் மூடி, மறுபடி சாயங்காலம் திறக்கும் வழக்கம் ஐரோப்பா முழுக்க உண்டு. நாலு மணிக்குப் பசியோடு போய் நிற்காதீர்கள். லண்டனில் பில்லோடு 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்தே வருவது வழக்கம். பாரிஸில் மெனு விலையிலேயே அது அடங்கிவிடும். ஜெர்மனியில் சில கடைகளில் கார்டு ஓடாது, கையில் யூரோ வைத்துக்கொள்ளுங்கள். இசகாயாவில் கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வைத்தால் அது 'ஓடோஷி'. சில இடங்களில் அதற்குத் தனிக் காசு உண்டு, வைக்கும்போதே கேட்டுக்கொள்ளலாம்.

முதல் தடவை போகிறவர்கள் எடுத்ததும் பத்து குச்சி சொல்லவேண்டாம். நெகிமா ஒன்று உப்பில், சுகுனே ஒன்று சாஸில். இரண்டும் வந்த பிறகு அடுத்ததைச் சொல்லலாம். போன்ஜிரி வேணும்னா மட்டும், உட்கார்ந்த உடனே இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.